நூல் அறுத்த பல்

சிவநேசனுக்கு வாய் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காது. கோணலாக ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், விரல் துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். கோப்பிக் கடையில் மேசை ஆடினால் அட்டையை மடித்துக் காலுக்கடியில் சொருகுவார். கோயிலில் சாமி படம் சாய்ந்திருந்தால், பூசை நடக்கும்போதே எழுந்துபோய் நிமிர்த்திவிட்டு வந்து உட்காருவார். முப்பத்தாறு வருஷமாகப் பல்செட்டு செய்கிற கை. பினாங்கில் பேர் வாங்கிய பல் டாக்டர்கள் கொடுத்த சிரிப்பில் பாதி, சுங்கை பினாங்கில் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கும் இவருடைய ஒற்றை அறைப் பட்டறையில் பிறந்தது. அதைச் சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சமும் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஒரே ஒரு சிரிப்பு மட்டும் கிடைக்காமல் போயிற்று. செத்துப்போன பெண்டாட்டியின் சிரிப்பு.

ஜெயலெட்சுமி போய் இரண்டு வருஷம் ஆகிறது. முகம் நினைவிருக்கிறது, குரல் நினைவிருக்கிறது, கோபம் வந்தால் பாத்திரத்தை வைக்கிற சத்தம்கூட நினைவிருக்கிறது. ஆனால் அவள் சிரிப்பதை நினைத்தால் கடைசி ஒன்பது வருஷத்துச் சிரிப்புதான் வந்து நிற்கும். சர்க்கரை வியாதியில் ஈறு கெட்டு, மேல் முன்பல் நான்கையும் பிடுங்கிய பிறகு இவரே செய்து மாட்டிவிட்ட பல்செட்டின் சிரிப்பு. வரிசை தப்பாத, பளிச்சென்ற சிரிப்பு. சொல்லப்போனால் அது இவருடைய வேலை. கலியாணமாகி வந்தபோது அவள் கொண்டுவந்த சிரிப்பு வேறு. முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து விட்டு, இடப்பக்கத்துப் பல் கொஞ்சம் திரும்பி நிற்கும். அந்தச் சிரிப்பு எவ்வளவு கூப்பிட்டாலும் வரவில்லை. படத்திலாவது பார்க்கலாமென்றால், மகராசி காமிராவைக் கண்டாலே உதட்டை மூடிக்கொள்வாள். ஐந்து ஆல்பத்தையும் புரட்டியாயிற்று. பல்லைக் காட்டிய படம் ஒன்றுகூட இல்லை. "என்னடி இவ்ளோ கஞ்சத்தனம்?" என்று மாலை போட்டிருந்த படத்தோடு ஒருநாள் சண்டையே போட்டார்.

ஹாலில் அவளுடைய தையல் மிஷின் அப்படியே இருந்தது. மகள் ரூபினிக்குத் தீபாவளிக்கென்று பச்சை ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வைத்துத் தைத்து முடித்து, ஊசிக்கடியிலிருந்து துணியை வெளியே இழுத்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தாள். ரவிக்கைக்கும் மிஷினுக்கும் நடுவே அந்த நூல் இன்னும் அறுபடாமல் தொங்குகிறது. அதைத் தொட யாருக்கும் அனுமதி இல்லை. மிஷினைத் துடைக்கும்போதுகூட அந்த நூலைச் சுற்றிக்கொண்டுதான் துணி போகும்.

இப்படியிருக்கையில்தான் நித்யா வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பல்கலைக்கழகத்தில் வேலை. கையில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி.

"அங்கிள், எங்க பல் டாக்டர்தான் உங்க பேரச் சொன்னாங்க. உங்களவிட நல்லா பிளாஸ்டர் ஊத்தற ஆளு பினாங்குலயே இல்லையாம்."

"யாருக்கும்மா பல்லு? அம்மாவுக்கா?"

"யானைக்கு."

சிவநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரியாச் சொன்னா யானை இல்ல, யானைக்கு ஒன்னுவிட்ட சொந்தம். ஸ்டெகோடான்னு பேரு. அந்த வம்சமே இப்ப கிடையாது. பேராக்குல ஒரு குகையில அதோட கீழ்த்தாடை கிடைச்சிருக்கு. கல்லாப் போயிருச்சு. நான் அந்த மாதிரி புதைபடிவங்களத்தான் படிக்கிறேன்."

குகை இருக்கிற பேராக் மாநிலத்துக்கு அசலைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். ரப்பர் அச்சு எடுத்து வைத்திருக்கிறாள். பார்வை இல்லாத பிள்ளைகளைக் கண்காட்சிக்கு அழைத்து வருகிறார்கள். அவர்கள் தொட்டுப் பார்க்க மூன்று நகல் வேண்டும். அச்சில் குமிழி இல்லாமல் ஊற்றத்தான் கை பத்தவில்லை.

"போலே லா, செஞ்சிரலாம். இதென்ன பெரிய சூசா வேலையா? வச்சிட்டுப் போங்க, டாக்டர்" என்றார். செத்த மிருகத்துக்குப் பல் பார்த்தாலும் டாக்டர் டாக்டர்தானே.

மறுநாள் பல் மாதிரிக்கு ஊற்றுகிற மஞ்சள் கல்மாவைத் தண்ணீரில் கலந்து, குமிழி வெளியேற அதிரும் மேசைமேல் அச்சை வைத்து, பொறுமையாக ஊற்றினார். இறுகியதும் பிரித்துப் பார்த்தால் திக்கென்றது. இடப்பக்கத்துக் கடைவாய்ப்பல் ஜோராக இருந்தது. கூரை ஓடு அடுக்கியதுபோல வரிவரியாக மேடும் பள்ளமும். வலப்பக்கத்தில் மேடே இல்லை, மழமழவென்று ஒரு சரிவுதான். போதாக்குறைக்கு இடத்தாடை எலும்பில் கட்டைவிரல் நுழைகிற ஓர் ஓட்டை. 'பாவம், படிச்ச பொண்ணு, அச்சு எடுக்கத் தெரியல' என்று மனுஷன் தீர்ப்பே எழுதிவிட்டார்.

போன் போட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாரா? இடதைப் பார்த்து வலதைக் கட்டுவது பல்செட்டுக்காரனுக்குப் பால பாடம். மூன்று நாள் வேறு வேலை எதையும் தொடவில்லை. ஓட்டையை அடைத்தார். வலப்பக்கத்தில் மெழுகு வைத்து வரிவரியாக மேடு எழுப்பினார். அதிலிருந்து புது அச்சு எடுத்து, மூன்று நகல் ஊற்றி, மெருகேற்றி, வெள்ளைத் துணி விரித்து வைத்துவிட்டு நித்யாவைக் கூப்பிட்டார்.

அவள் வந்து பார்த்தாள். விரலால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவினாள்.

"அழகா இருக்கு, அங்கிள்."

"நம்ம வேல அப்படித்தான்" என்றார் சிவநேசன், குளிர்ந்துபோய்.

"ஆனா இது அது இல்ல."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, அவள் நிதானமாகச் சொன்னது இவருக்கு இன்னும் உறைத்தது.

"அச்சு சரிதான் அங்கிள். நெசமாவே ஒரு பக்கம் தேஞ்சிருக்கு. நீங்க அடச்சீங்களே, அந்த ஓட்டை, அது சீழ் வச்ச இடம். இடப்பக்கம் வலி. கடிக்க முடியல. அதனால வருஷக்கணக்கா வலப்பக்கத்துலயே மென்னு மென்னு சரிவாப் போயிருக்கு. ரெண்டு பக்கத்தையும் நீங்க ஒன்னாக்கிட்டீங்க. வலியே இல்லாமப் பண்ணிட்டீங்க."

"அது நல்லதுதானேம்மா?"

"உசுரோட இருந்தப்பப் பண்ணியிருந்தா நல்லது."

இருவருமே சிரித்துவிட்டார்கள். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

"வடிவத்துல ஒன்னும் சும்மா இருக்காது, அங்கிள். இதோட மேடு உயரம் கம்மி பாருங்க. யானைக்குன்னா பல்லு உயரமா, நெருக்கமா இருக்கும். ஏன்னா அது புல்லு தின்னும். புல்லு கரகரப்பு, மண்ணு வேற ஒட்டியிருக்கும், அதுக்கு ஈடுகொடுக்கணும். இதுக்கு இவ்ளோதான் உயரம்னா, இது எலையும் கொழுந்தும் தின்னுருக்கு. யாரும் கூட இருந்து பார்க்கல. பல்லுதான் சொல்லுது."

கைப்பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றிய ஒரு கல்லை எடுத்துக் கொடுத்தாள். கல்லில் ஓர் இலை பதிந்திருந்தது. நுனி வால்போல நீண்டு மெலிந்திருந்தது.

"நம்ம அரச எல மாதிரி இருக்கு" என்றார்.

"அதேதான். மழத் தண்ணி நிக்காம வடிஞ்சு ஓடறதுக்குத்தான் அந்த வாலு. இந்த மாதிரி எல நெறயக் கிடைச்சா, அந்தக் காட்டுல ஓயாம மழ பேஞ்சிருக்குன்னு அர்த்தம். வாலு அசிங்கமா இருக்குன்னு நீங்க வெட்டி வட்டமாக்கிட்டீங்கன்னா, மழயே போயிரும் அங்கிள்."

சிவநேசன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஏன் கேட்டோமென்று தெரியாமலே கேட்டார்: "மேல்தாடை கிடைக்கலையா?"

"கிடைக்கல. ஆனா பரவால்ல. கீழ்ப்பல்லு எங்க தேஞ்சிருக்கு, எப்படிச் சரிஞ்சிருக்குன்னு பார்த்தா, மேல்பல்லு எப்படி நின்னுச்சுன்னு ஓரளவு சொல்லிரலாம். ஒன்னோட ஒன்னு உரசித்தானே தேஞ்சுச்சு?"

மறுபடி ஊற்றித் தருவதாகச் சொல்லி அனுப்பினார். இந்தத் தடவை அச்சு சொன்னபடியே ஊற்றினார். காய்கிற வரைக்கும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நம்ப முடியாத கை அது.

ஞாயிற்றுக்கிழமை ரூபினி வந்தாள். கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வாரம் தவறாமல் காடி ஓட்டிக்கொண்டு பாலம் தாண்டி வந்து, அப்பாவுக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போவாள். அன்று மிஷின் பக்கத்தில் நின்று ரவிக்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ப்பா, இத நான் எடுத்துக்கட்டா? தீபாவளிக்குப் போட்டுக்கறேன். நூல மட்டும் வெட்டினாப் போதும்."

"கத்திரிக்கோல் வைக்காத!" சிவநேசன் குரல் எகிறிவிட்டது. "உங்கம்மா என்னிக்குக் கத்திரிக்கோலால நூல வெட்டினா? பல்லால கடிச்சு, டுக்குன்னு ஒரு இழு. அவ்ளோதான். அப்படியே நூலு ஒதட்டுல ஒட்டிக்கிட்டிருக்க..."

ரூபினி அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அப்பா, அது பழைய பல்லு இருந்தப்ப. நீங்க பல்லு கட்டிவிட்டதுக்கப்புறம் அம்மா ஒரு தடவகூடக் கடிச்சு அறுக்கல. வரலப்பா. மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் ஒட்டவே ஒட்டாது. அதனாலதானே குட்டிக் கத்திரிக்கோல ரிப்பன்ல கட்டிக் கழுத்துல மாட்டிக்கிட்டாங்க?"

கழுத்தில் சிவப்பு ரிப்பன். ஒன்பது வருஷம் தினம் பார்த்தது. தையல்காரிக்குக் கத்திரிக்கோல் வசதி என்றுதான் நினைத்திருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."

"சொன்னா உங்க வேலைய கொற சொன்ன மாதிரி ஆயிருமாம்."

சிவநேசன் நாற்காலியில் உட்கார்ந்தார். முன்பல் முட்டினால் செட்டு ஆடும். அதனால் மயிரிழை இடைவெளி விட்டுத்தான் வைக்க வேண்டும். அது தொழில் சட்டம். ஊருக்கெல்லாம் அப்படித்தான் வைத்தார், அவளுக்கும் அப்படித்தான் வைத்தார். பல் பிடுங்குவதற்கு முந்தின நாள் அவள் கேட்டாள், இப்போது காதில் விழுகிறது: "என்னங்க, முன்ன மாதிரியே வச்சுத் தர முடியுமா? சந்தோட?" இவர் சிரித்தார். "பைத்தியமா ஒனக்கு? கோணப் பல்ல நிமிர்த்த ஊரே வரிசையில நிக்குது." மாட்டிவிட்டு, கண்ணாடியை நீட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டார். "அழகா இருக்கு" என்றாள். இவர் கேட்டது ஒன்று, அவள் சொன்னது இன்னொன்று. அதைக்கூடக் கவனிக்காத மடையன்!

ரூபினி போனதும் கீழே இறங்கிப் பட்டறையைத் திறந்தார். பழைய பிளாஸ்டர் மாதிரிகளையெல்லாம் வருஷம் எழுதிய பிஸ்கட் டின்களில் போட்டு வைத்திருப்பார். ஒவ்வொன்றிலும் டாக்டர் பெயரும் நோயாளி பெயரும் இருக்கும். பதினொரு வருஷத்துக்கு முந்திய டின்னில், அடியில், செய்தித்தாளில் சுற்றி இருந்தது. 'லெச்சுமி' என்று எழுதி, டாக்டர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'வீடு' என்று எழுதியிருந்தார்.

மேல்தாடை மாதிரியைப் பிரித்தவர் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரியும். பிடுங்கிய அன்றே மாட்டுவதற்காக, அவள் வாயில் பல் இருக்கும்போதே அச்சு எடுத்து, அந்தப் பிளாஸ்டரில் நான்கு பல்லையும் தன் கையாலேயே ரம்பம் வைத்து அறுத்துத் தள்ளிவிட்டுத்தான் செட்டு கட்டினார். நகல் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. உலகத்தில் அவள் சிரிப்பு இருந்த ஒரே இடத்தை மழித்து வைத்திருந்தது இந்தக் கைதான். "ஏன்டா, ஒனக்கு அறிவு வேணாமா?" என்று கையைப் பார்த்துக் கேட்டார். வாய்விட்டு அழுதார்.

அழுது முடித்த பிறகுதான் கீழ்த்தாடை கண்ணில் பட்டது. கீழ்ப்பல் அவளுக்குக் கடைசிவரை சொந்தப்பல். அதை யாரும் அறுக்கவில்லை.

விளக்கை இழுத்து, லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார். அந்தக் காலத்தில் இதைப் பார்த்தபோது 'கீழ்வரிசை மோசம்' என்று மட்டும்தான் மனத்தில் பட்டது. இப்போது ஒவ்வொரு பல்லாக நின்று பார்த்தார். நடுவில் ஓர் இடம் மட்டும் தேயாமல், குட்டி மேடாக நின்றது. அங்கே மேலிருந்து எதுவும் வந்து இடிக்கவில்லை. அதுதான் சந்து! அளவுகோல் வைத்தார். மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குப் பக்கத்துப் பல்லில் சாய்வாக ஒரு பட்டை, பளபளவென்று. நேராக நிற்கிற பல் உரசினால் அப்படித் தேயாது. திரும்பி நின்ற பல்லின் மூலைதான் அப்படித் தேய்க்கும். அந்தப் பட்டையின் விளிம்பில் நகம் வைத்தால் மட்டும் தட்டுப்படுகிற ஒரு கோடு, மெல்லிய வாய்க்கால்.

நூல் ஓடிய வாய்க்கால். இருபத்தைந்து வருஷத்து ரவிக்கைகள். பட்டறை திறந்த புதிதில் வேலையே வராத நாட்களில் இந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்ட ரவிக்கைகள்.

அன்றிலிருந்து மற்ற வேலையெல்லாம் வரிசையில் நின்றது. டாக்டர்கள் போன் மேல் போன் போட்டார்கள். "தாமதம் லா, வீட்டுக் கேஸ்" என்று வைத்துவிட்டார். இரண்டு தாடையையும் பித்தளைக் கீலில் மாட்டினார், வாய்போலத் திறந்து மூடுவதற்கு. நான்கு பல்லைக் கெட்டியான கல்மாவில் வார்த்து, மெழுகில் நட்டார். சந்து அளவு தவறாமல் விட்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மெழுகை எடுத்துவிட்டுப் பிசின் வைத்துக் கெட்டிப்படுத்தி, நூல் ஒன்றை எடுத்து வாய்க்காலில் வைத்து, மூடி, இழுத்தார்.

நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது. லென்ஸை மாட்டிப் பார்த்தால், அட பாவி! இடப்பக்கத்துப் பல் நேராக நிற்கிறது. திருப்பித்தான் நட்டிருந்தார், நிச்சயமாகத் தெரியும். கெட்டிப்படுத்துகிற நேரத்தில் கை தன்பாட்டுக்கு நிமிர்த்திவிட்டிருக்கிறது. இத்தனை தெரிந்த பிறகும்!

பல்லைப் பிடுங்கினார். இந்தத் தடவை கண்ணை நம்பவில்லை, அழகையும் நம்பவில்லை. கீழ்ப்பல்லின் பட்டையில் மேல்பல்லின் மூலையை வைத்து, அது தானாகப் போய் உட்காரும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். பார்க்கக் கோணல்தான். ஆனால் மூலை பட்டையில் உட்கார்ந்தபோது மயிரிழைகூட மிச்சமில்லை. அப்படியே விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தொடவில்லை. சோதித்தும் பார்க்கவில்லை. சோதிக்க வேண்டிய நூல் மேலே, வீட்டில் இருந்தது.

ஞாயிறு காலை ரூபினி அடுப்படியில் சாம்பார் தாளித்துக்கொண்டிருந்தாள். சிவநேசன் கீலை ஒரு துண்டில் சுற்றி எடுத்துவந்து மிஷின் முன்னால், அவள் உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். பச்சை நூலைக் கீழ்ப்பல் வாய்க்காலில் வைத்தார். வழுக்கிவிட்டால்? இரண்டு வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்த நூல் இது. அறுந்தால் அவளிடமிருந்து மிச்சமிருந்த கடைசிக் காரியமும் முடிந்துபோகும், அறுபடாவிட்டால் அந்தச் சிரிப்பும் இல்லை. எது வேண்டுமென்று தன்னையே கேட்டுக்கொண்டார். அவளைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

மூடினார். இழுத்தார்.

டுக்.

"என்னம்மா?" என்று அடுப்படியிலிருந்து ரூபினி குரல் கொடுத்தாள்.

சொன்ன பிறகுதான், அம்மா நூல் அறுக்கிற அந்தப் பழைய சத்தத்துக்குக் குரல் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்கே விளங்கியது. கரண்டியோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். அப்பா மடியில் பச்சை ரவிக்கை விடுபட்டுக் கிடந்தது. அறுந்த நூலின் துணுக்கு மேல்பல் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துணுக்கைப் பார்த்ததும் சிவநேசனுக்கு வந்துவிட்டது: நூலைக் கடித்து அறுத்துவிட்டு, அது உதட்டில் ஒட்டியிருப்பது தெரியாமல், மிஷினிலிருந்து தலையைத் திருப்பி, "வந்துட்டீங்களா?" என்று சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. சந்தோடு, கோணலோடு, முழுசாக.

ரூபினி தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

சிவநேசன் பல் வரிசையை வெளிச்சத்துக்குத் திருப்பி, மாலை போட்ட படத்துக்கு நேராக நீட்டினார்.

"லெச்சுமி, சரியா இருக்கா?"

படம் வழக்கம்போல உதட்டை மூடிக்கொண்டிருந்தது. அவர் பதிலுக்காக ரொம்ப நேரம் கையை இறக்காமல் காத்திருந்தார்.